வெறுமையாக இருந்த இடது பக்கம்

ஒரு பொருள் கண்ணில் படவில்லை என்றால் அது வைத்தவரின் தப்பு என்பார் அவர். கோபமாகச் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி, சாயங்காலம் மழை வரும் என்பதைப் போலச் சொல்வார். நான் அவரோடு பழகிய நான்கு வருடங்களில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. முதலில் கேட்டபோது அது என் பிழைப்பை மாற்றியது. போகப் போக அதைக் கேட்டாலே நான் பேச்சை மாற்ற ஆரம்பித்தேன்.

எங்களுக்கு ஏற்காடு மலையில், கொட்டச்சேடு என்ற ஊரில் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். காபியை நானே வறுத்து அரைத்து பாக்கெட் போட்டு, மே மாதக் கூட்டத்தில் ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு மேசை போட்டு விற்பேன். பாக்கெட்டின் மேல் மலை இருக்கும், ஏரி இருக்கும், முருகன் வேல் இருக்கும், காபிப் பழக்கொத்து இருக்கும், இரண்டு போன் நம்பர் இருக்கும். சேலத்தில் அச்சடித்தது. எனக்கு அதில் பெருமைதான்.

அவரை முதலில் பார்த்தது அங்கேதான். பத்தடி தள்ளி நின்று என் மேசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கத்தரித்த நரைமுடி, சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை. பிறகு பக்கத்தில் வந்து, “இதுல காபி எங்க இருக்கு?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெரிசாப் பேரே போட்டிருக்குதுங்களே என்றேன். “நீ போட்டிருக்கே. என் கண்ணுல படலை. படலைன்னா அது வெச்சவங்க தப்பு, பாக்கறவங்க தப்பில்ல” என்றார்.

முப்பது வருடம் சென்னையில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் தலைவலி மாத்திரைக்கும் அட்டை வடிவமைத்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நம் வீட்டு அலமாரியைத் திறந்தால் அவர் கைபட்ட பெட்டி ஏதாவது ஒன்று இருக்கும். வேலையை விட்டுவிட்டு, ஏரிக்கு மேலே ஒரு பழைய வீட்டை வாங்கித் தனியாக இருந்தார். அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதிரி கவரைக் காட்டினார். பழுப்பு நிறத்தில் வெறும் காகிதம், நடுவே ஒரே ஒரு சிவப்புக் காபிப் பழம், அடியில் சின்னதாகப் பெயர். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொட்டு வெச்சாப்ல இருக்குது என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வருடத்திலிருந்து கடைக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

ஓவியக் கண்காட்சி என்பதை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ ஏதாவது ஒரு கேலரியில் புதிதாகப் படம் மாட்டினால் அவருக்குத் தகவல் வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கிளம்பிவிடுவார். தனியாகப் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, நீயும் வா என்று என்னை அழைத்தார். என் இரண்டு பெண்களும் கல்லூரி விடுதியில் இருந்தார்கள். வருடம் பூராவும் களத்தில் காயும் காபியையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அழைப்பு என்னவாக இருந்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

கேலரிக்குள் நுழைந்ததும் எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள். அவர் சுவரைப் பார்ப்பார். படத்துக்கும் படத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிக்கிறதா, பக்கத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டைக் குனியாமல் படிக்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் படத்துக்கு வருவார். “மொதல்ல உன் கண்ணு எங்க போச்சு? அப்புறம் எங்க போச்சு?” என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். ஏன் அங்கே போனது என்பதை அவர் சொல்வார். ஒரு மூலையில் இருக்கும் மஞ்சள் துளி ஒன்று என்னை எப்படிப் படம் முழுக்க நடத்திக் கூட்டிப் போகிறது என்று அவர் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். திரும்பி வந்த பிறகு இரண்டு நாளைக்கு எங்கள் தோட்டமே வேறு மாதிரித் தெரியும்.

அந்தக் கேள்வி எப்போது மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டாம் வருடக் கடைசியில் இருக்கலாம். உன் கண்ணு எங்க போச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே நுழையும்போதே, என்னென்ன இருக்கு, சொல்லு என்று கேட்கத் தொடங்கினார். வலப்பக்கம் நாலு படமுங்க, எடப்பக்கம் ஒரு பெரிய மரச் சிலைங்க, நடுவால ஒரு கண்ணாடிப் பெட்டிங்க என்று நான் ஒப்பிப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பாசமாகப் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெங்களூரில் வருடத்துக்கு ஒரு நாள் தெரு முழுக்க ஓவியங்களைப் பரப்பி விற்பார்கள். அந்த வருடம் போனபோது தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். கூட்டத்துக்கு ஒதுங்கி, பக்கத்தில் ஒரு மண்டபத்துக்குள் போனோம். அங்கே தரையில் இரும்பில் செய்த கன்றுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. நல்ல சிவப்பு நிறம். நேர் மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். நுழைந்தவுடனே நான் அதைத்தான் பார்த்தேன். அன்றைக்கு ஏனோ அவர் என்னைக் கேட்கவில்லை. சுவரில் இருந்த ஒரு படத்தை நோக்கி நேராக நடந்தவர் கன்றுக்குட்டியின் மேல் மோதிக் கீழே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே கிழிந்து சேலையெல்லாம் ரத்தம்.

செய்த சிற்பி ஒரு இளைஞன், ஓடி வந்து கையைக் கூப்பினான். அவர் தரையில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் பாடம் எடுத்தார். நடக்கிற வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு பொருளை வைக்கக் கூடாது, மனுஷன் கண் நேராகத்தான் பார்க்கும், காலைப் பார்க்காது, இது வெச்சவங்க தப்பு என்றார். பொறுப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து கன்றுக்குட்டியை மூலைக்கு இழுத்துப் போனார்கள். தரையில் இரும்பு உரசிய சத்தம் பல்லைக் கூசவைத்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். விளக்குக்கு அடியில், வெறும் தரையில், அவ்வளவு சிவப்பாக இருந்த ஒன்றை எப்படிப் பார்க்காமல் போனார்கள் என்ற கேள்வி அவன் முகத்தில் இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு அக்காவின் காலுக்குக் கட்டுப்போடக் குனிந்தேன்.

அவர் வீடும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கூடத்தில் இருந்த குட்டை மேசை போனது. காலியான இடம்தான் அழகு என்றார். அப்புறம் உள்கதவுகளையெல்லாம் கழற்றச் சொன்னார். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தார். தண்ணீர் டம்ளர்கள் எல்லாம் கருநீலம், அவற்றை வைக்கும் தட்டு வெள்ளை. வருகிறவர்கள் எல்லோரும் அசந்துபோவார்கள். நானும் ஆசைப்பட்டு எங்கள் வீட்டுப் படிக்கு மஞ்சள் அடித்தேன்.

அவருடைய சின்னக் காரின் இடது பக்கம் நெடுகக் கீறல் விழுந்திருந்தது. கேட் தூணைத் தப்பாகக் கட்டியிருக்கிறார்கள் என்று இடித்துவிட்டு, இரண்டடி தள்ளிக் கட்டச் சொன்னார். கொஞ்ச நாளில் புதுத் தூணிலும் இடித்தார். அதையும் இடிக்கச் சொன்னார். வேலை செய்த கொத்தனார் எங்கள் ஊர்க்காரர். வழியில் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

“ஏனுங்க, லாரியே போற எடமுங்க அது. அந்தம்மாவுக்குக் கண்ணு செரியாத் தெரியுதுங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவங்க கண்ணை வெச்சுத்தானுங்க ஊரே பொருளு வாங்குது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் மலைப்பாதையில் என் வாய் ஓய்ந்திருக்கவில்லை என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பெங்களூர்வரை காரிலேயே போவோம். ஹைவேயில் லாரிக்காரர்களுக்கு ஒழுங்கு கிடையாது என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். மலை இறங்கிச் சேலம் ஜங்ஷனில் காரை விட்டுவிட்டு ரயிலில் போவது என்று ஆனது. மலைக்கு மட்டும் அவரே ஓட்டுவார். பஸ் வருதுங்கக்கா, எடப்பக்கம் ரெண்டு பேரு போறாங்கங்கக்கா, மாடுங்கக்கா என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். பழக்கத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் வண்டியில் முன்னால் உட்காருகிற யாருமே அப்படித்தான் பேசிக்கொண்டு வருவார்கள் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருமுறை என் கணவருக்குச் சேலத்தில் வேலை இருந்தது. எங்களோடு காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார்.

“வண்டி ஓட்டறது நீயி. அவங்க ஸ்டேரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். இனிமே போவாத.”

நான் அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். நான் வெளியே போவது பொறுக்கவில்லை, நாலு பேர் என்னை மதிப்பது பொறுக்கவில்லை என்று இல்லாததையெல்லாம் பேசினேன். பெங்களூரில் ஒரு கேலரியை ஒட்டிய கடையில் எங்கள் காபியை வைக்க அக்கா பேசி முடித்திருந்த நேரம் அது. என் கணவர் களத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதற்கப்புறம் ஐந்தாறு தடவை போயிருக்கிறேன்.

கடைசியாகப் போனது சென்னைக்கு. கேலரியின் பெரிய கூடத்தில் ஒரே ஒரு படம் ஒரு சுவர் முழுவதையும் அடைத்திருந்தது. வலப்பக்கம் உழுத நிலம், தூரத்தில் ஒரு பனை. இடப்பக்க ஓரத்தில் ஒரு ஆள். நம் உயரத்துக்கு, வெறுங்காலோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நம்மையே பார்த்தபடி நிற்கிறார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர் கண் கூடவே வந்தது. அந்தக் கூடத்தில் நின்ற யாரும் முதலில் அந்த ஆளைத்தான் பார்த்திருப்பார்கள்.

அக்கா படத்துக்கு மிக அருகே போய் நின்றார். வரைந்தவர் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், இவர் என்ன சொல்வாரோ என்று. அக்கா வெகுநேரம் பனையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எடது பக்கத்தை வெறுமனே விட்டிருக்காரு பாரு. வேற யாராவது இருந்தா ஏதாவது ஒண்ணைப் போட்டு நிரப்பியிருப்பாங்க. அதுதான் தைரியம்.”

வரைந்தவர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சிரித்தபடி நன்றி சொல்லி நகர்ந்துவிட்டார். அக்காவின் தலைக்கு அப்பால், அவர் தோளுக்கு இரண்டு முழம் தள்ளி, அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ராத்திரி ரயிலில் நான் தூங்கவே இல்லை. அவர் எதிர்ப் படுக்கையில் குழந்தை மாதிரித் தூங்கினார். கேட்டுவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். அக்கா, உங்களுக்குப் பக்கவாட்டில் தெரிவதில்லையா என்று எப்படிக் கேட்பது? ஆயுசு பூராவும் பார்வையாலேயே வாழ்ந்தவரிடம்? ஒருவேளை அவர் என்னைச் சோதித்திருப்பாரோ, அந்தப் படத்தில் எனக்குப் புரியாத ஏதாவது இருந்திருக்குமோ என்றும் ஓடியது. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். மலை ஏறும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. அவராகப் பார்க்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். பார்க்கவில்லை என்றால் வீட்டுக்குப் போனதும் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம், காரை விற்கச் சொல்லிவிடலாம். அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சேலத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். குப்பனூர் வழியாகவே போகலாம், அதில் கூட்டம் இருக்காது, உன்னையும் கொட்டச்சேட்டில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்றார். காலை எட்டு மணி இருக்கும். அடிவாரத்தில் வெயில். பாதி மலை ஏறியதும் லேசான மூடுபனி. ரோடு நன்றாகத் தெரிந்தது, மரங்களின் தலைதான் தெரியவில்லை.

நான் பேசவில்லை. இரண்டு தடவை அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஏன் ஒரு மாதிரியா இருக்கே என்றார். தூக்கமில்லீங்கக்கா என்றேன். ஒரு பஸ் எதிரே வந்தது, சரியாக ஒதுங்கினார். ஒரு பைக், அதற்கும் ஒதுங்கினார். எனக்கு மனசு லேசானது. நான்தான் இல்லாததை நினைத்துக் கலங்கிவிட்டேன் என்று தோன்றியது.

வளைவு ஒன்று முடிந்து நேர் ரோடு வந்தது. இடது ஓரத்தில் ஒரு ஆள் எங்களுக்கு எதிராக இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நீல ஸ்வெட்டர், தலையில் துண்டு. ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் கல் கட்டிய வாய்க்கால். தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். இப்போது திருப்புவார் என்று நினைத்தேன். கார் கோடு போட்டது போல நேராகப் போனது. இப்போது திருப்புவார். அந்த ஆள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் மீசை தெரிந்தது. நான் அக்கா என்று கத்தியபோது இடது பக்கக் கண்ணாடி உடைந்து என் ஜன்னலில் அடித்தது. அந்த ஆள் ஒரு பக்கமாகச் சுழன்று வாய்க்காலுக்குள் போவதைப் பார்த்தேன்.

அக்கா பிரேக் போட்டார். கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுக்கவில்லை. “என்ன அது?” என்று கேட்டார். நான் இறங்கி ஓடினேன். அவர் இறங்கி, காரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். “எங்கேருந்து வந்தான்? திடீர்னு எங்கேருந்து வந்தான்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த ஆளின் வலது கால் தொடைக்குக் கீழே வேறு திசையில் மடங்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. கீழே இறங்கி வந்த ஒரு எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினோம். மாரமங்கலத்துக்காரர், பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்க வந்தவர் என்று ஜீப்பில் இருந்த, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொன்னார். மூங்கில் ஏணியில் நாற்பதடி ஏறிப் பறிக்கிற ஆள்.

போலீஸ் ஸ்டேஷனில் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். எப்படிம்மா ஆச்சு என்று எழுத உட்கார்ந்தார் ஏட்டு. நான் மூடுபனி என்றேன். ஆளே தெரியலீங்க, பக்கத்துல வந்தப்புறந்தான் தெரிஞ்சுதுங்க என்றேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு எழுதிக்கொண்டார். மலையில் இருக்கிறவருக்கு மூடுபனியைப் பற்றி யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஏட்டு காகிதம் எடுக்க உள்ளே போனார். அக்கா என் கையைத் தேடிப் பிடித்தார். அவருடைய விரல்கள் முதலில் பெஞ்சின் ஓரத்தைத் தொட்டு, அப்புறம்தான் என் கைக்கு வந்தன. மிக மெதுவாகக் கேட்டார்.

“எப்பவும் சொல்லுவியே. இன்னைக்கு ஏன் சொல்லலை?”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சிவப்புக் கன்றுக்குட்டிக்கும் கேட் தூணுக்கும் காரணம் எது என்பது தெரிந்தேதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மலை ஏறி இறங்கியிருக்கிறார். நானும் ஒருநாள் வாயை மூடிக்கொள்வேன் என்பதைத்தான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் ஆட்டோ பிடித்துத் தனியாக ஸ்டேஷனுக்குப் போனார். தன் கண்ணைப் பற்றி அவரே சொல்லி, லைசென்சையும் கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். சேலத்துக் கண் டாக்டர், கண்ணில் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய் ரொம்ப வருடம் ஆகிவிட்டது, நடுவில் குழாய் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்றாராம். ஏட்டு என்னை மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதும் நான் மூடுபனி என்றே சொன்னேன். சொன்னதை மாற்றினால் ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே என்ற பயம். வழக்கு அக்கா மேல் நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவையும் அந்தக் குடும்பத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். என் பெயர் சாட்சியாக ஒரு மூலையில் இருந்ததோடு சரி.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அவர் கிளம்பிய அன்று பார்க்கப் போனேன். வீட்டில் ஏற்கெனவே பொருள் குறைவு. இருந்ததும் வண்டியில் ஏறிவிட்டது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்த சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பி, தலையை அங்குமிங்கும் அசைத்து என்னைப் பார்வைக்குள் கொண்டுவந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் அதை வெளிப்படையாகவே செய்தார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

சொல்லியிருக்கலாமேங்கக்கா என்றேன். “சொன்னா உடனே சாவியை வாங்கிடுவாங்க. அப்புறம் ஒரு ரூம்ல உக்காந்து நான் என்னத்தைப் பாக்கறது?” என்றார். பிறகு, “உன்னைக் கண்ணுக்காகத்தான் கூட்டிட்டுப் போனேன்னு நெனைக்காதே. மொத ரெண்டு வருஷம் நெஜமாவே உன்னோட பேசத்தான்” என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. இரண்டு வருடம் என்று அவ்வளவு சரியாக அவர் கணக்கு வைத்திருந்ததுதான் என்னை உறுத்தியது. அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு தடவை போன் வந்தது, நான் எடுக்கவில்லை.

அந்த மிளகு பறிக்கிறவரைப் பார்க்க எனக்கு எட்டு மாதம் ஆனது. தினமும் நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தவள், என் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டு தடவை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் கட்டிலோடு சாய்ந்திருந்தது. யாரென்று நான் சொல்வதற்குள் அவரே தெரிந்துகொண்டார். உக்காருங்க என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டார். மனைவியைக் கூப்பிட்டு, ஊட்டுக்கு வந்திருக்காங்க, காபி போடு என்றார்.

அவர் பேச்சில் கோபமே இல்லை. இனி மரம் ஏற முடியாது, எஸ்டேட்டில் களத்து வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அந்தம்மா மாசாமாசம் போன் செய்து விசாரிக்கிறார்கள், நொம்ப நல்ல மனசு, பாவம் கண்ணு போச்சே என்றார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி காபி டம்ளரோடு வெளியே வந்தபோது, அவர் கொட்டை ஒன்றை விரலில் உருட்டியபடி, வெகுநாள் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வண்டிக்குள்ளாற இருந்து நீங்க என்னைய நேராப் பாத்தீங்க. நானும் உங்களைப் பாத்தனுங்க. அதான் ஒதுங்கலீங்க. பாத்துட்டாங்க, திருப்பிக்குவாங்கன்னு நின்னுட்டேன். நீங்க பாத்தீங்கதானுங்களே?”

“பாத்தேனுங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் குனிந்து மறுபடியும் காயை உரிக்கத் தொடங்கினார். அவர் மனைவி எனக்காகக் கொண்டுவந்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிலையோரம் நின்றாள். என்னிடம் கொடுக்கவும் இல்லை, உள்ளே எடுத்துப் போகவும் இல்லை.